பூனை முக்காலி யாருக்கு?

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவளுக்குக் கடையில் வைத்த பெயர் அரைமில்லி. லென்ஸின் மையம் கருவிழிக்கு நேராக இல்லாமல் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்கூட அந்தக் கண்ணாடியை முன்னால் போக விடமாட்டாள். "கண்ணு பழகிக்கும்மா" என்பார் முதலாளி. "கண்ணு பழகிக்கும் சார், தலை வலிக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு லென்ஸ் எடுப்பாள். கேலிக்காக வைத்த பெயர்தான். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதில் கேலிக்கு ருசி போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பின்னால் கதை எதுவும் இல்லை. கதை இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தவர்கள் ஏமாந்து எழுந்து போனார்கள். அண்ணன் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஓர் அறையும் சமையலறையும் அவளுக்கு. மாடியில் அண்ணனும் அண்ணியும்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கமிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி இருபத்தாறு வருஷத்தைக் கழித்தவர். வீட்டில் யாராவது வேகமாக எழுந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மேசை, சோபா, அலமாரி எதையும் சுவரோடு ஒட்டிப் போட விடமாட்டார். எல்லாம் இரண்டடி தள்ளி, அறை நடுவே, வண்டிகள் நிறுத்தியது போல நின்றன.

கல்யாணமான புதிதில் அண்ணி கேட்டிருக்கிறார். "சோபாவுக்குப் பின்னாடி எதுக்குங்க இவ்வளவு இடம்?"

"பின்னாடி எடுக்க வேணாமா?"

"சோபாவையா?"

"எதையுமேதான்."

அதோடு அண்ணி கேட்பதை விட்டுவிட்டார். குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பது அண்ணியின் வேலை. தண்ணீர் வராதவர்களும், வந்தது பழுப்பாக இருப்பவர்களும், எதிர்வீட்டுக்கு மட்டும் வருவதைத் தாங்கமுடியாதவர்களும் காலை ஒன்பதிலிருந்து பேசுவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "உங்க புகாரைப் பதிவு பண்ணியாச்சு." வீட்டுக்கு வந்தபின் அண்ணியின் புகாரைப் பதிவு செய்ய ஆள் இல்லை. சோபா நடு அறையிலேயே நின்றது.

நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள், மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்று போய் அண்ணி கீழே இறங்கி வந்தார். அரைமில்லி திருகு தேடிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் இருந்த அவள் போனில் ஒரு வீடு தெரிந்தது. ஒற்றை அறை, ஒரு சோபா, ஒரு செடி.

"கதவுக்கு நேரா சோபாவப் போட்டிருக்கியே, உள்ள வர்றவங்க மேல ஏறியா குதிப்பாங்க?"

"யாரும் வரமாட்டாங்க அண்ணி. இது விளையாட்டு. போன்ல இருக்கிற வீடு."

"அதுக்காக? ஒரு வழி வேணாம்?"

அந்த விளையாட்டில் ஜெயிக்கவும் ஒன்றுமில்லை, தோற்கவும் ஒன்றுமில்லை. வெறும் அறை ஒன்றைத் தருவார்கள். தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வாசல் பெருக்கினால், மூடிய பெட்டி ஒன்று கிடைக்கும். உள்ளே ஏதாவது ஒரு வீட்டுச் சாமான். பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு தொகுப்பு. வேண்டியது வராது, ஏற்கெனவே இருப்பது திரும்பத் திரும்ப வரும். ஒரு மாதத்தில் ஒன்பது குடைத்தாங்கி வந்தவர்களும் உண்டு. இரண்டு பேர் விரும்பினால் ஒரே வீட்டைக் கூட்டாக வைத்துக்கொள்ளலாம். மறுநாள் அண்ணியும் தன் போனில் அதை ஏற்றினார். அன்றே கூட்டு வீடு ஆனது. முதல் வேலையாக அண்ணி சோபாவை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டார். ஒட்டிப் போட்டபின் கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை.

அதற்குப்பிறகு இரண்டு பேரும் பேசியது பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்தான். மாடியில் ஒருத்தர், கீழே ஒருத்தி. விளையாட்டிலேயே இருக்கும் செய்திக் கட்டத்தில் எழுதி அனுப்புவார்கள். விளக்கை இடப்பக்கம் நகர்த்தலாமா, கம்பளம் அடர்த்தியாக இருக்கிறதா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்பதைக்கூட அண்ணி "இன்னிக்கு செடிக்கு நீ தண்ணி ஊத்திடு" என்றுதான் எழுதுவார். அரைமில்லி ஊற்றிவிட்டு, மாத்திரையோடு மாடி ஏறுவாள்.

அவர்கள் சேர்த்ததிலேயே பெரிது 'மழைக்கால வாசிப்பறை' என்ற தொகுப்பு. எப்போதும் மழை வழிந்துகொண்டிருக்கும் சன்னல், பச்சை விளக்கு, சாய்வு நாற்காலி, புத்தக அடுக்கு என்று பதினொன்று சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவது, பூனை தூங்கும் முக்காலி, ஏழு மாதம் வரவில்லை. பன்னிரண்டும் ஒரே அறையில் இருந்தால் மட்டும் மழை நின்று சன்னல் வழியாக வெயில் விழும் என்று விளையாட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

அது வந்த நாளில் அண்ணியின் போன் துவைக்கிற வாளிக்குள் விழுந்திருந்தது. அண்ணி கீழே வந்து அரைமில்லி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் பெட்டிய நீங்க திறங்க அண்ணி. எனக்குக் குடைத்தாங்கிதான் வருது."

"உன் போன்லயா?"

"விரல் உங்களோடதுதானே."

அண்ணி திறந்தார். முக்காலி. அதன்மேல் சாம்பல் பூனை. தூக்கத்திலேயே ஒருமுறை புரண்டு படுத்தது. கொண்டுபோய்ச் சன்னலோரம் வைத்ததும் மழை நின்றது. மஞ்சளாக வெயில் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"வெயில் வந்திருச்சு" என்றார் அண்ணி. "துணி காயப் போடலாம்."

அந்த வீட்டில் இன்னொரு சாமானும் உண்டு. விளையாட்டில் சேரும்போது இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் தூக்கிப் போட முடியாது. மூலையில் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருந்தார்கள். பின்னால் இரண்டு கட்டம் காலி இடம். அதற்கு அண்ணன் நாற்காலி என்று பெயர்.

இந்த வருஷம் அண்ணனும் அண்ணியும் பிரிவது என்று முடிவானது. காரணம் கேட்டவர்களிடம் இரண்டு பேரும் "ஒத்து வரல" என்றார்கள். பத்தொன்பது வருஷத்தில் இருவரும் ஒத்துச் சொன்ன பதில் அது ஒன்றுதான். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. அண்ணி நாலு மணிநேர ரயில் தூரத்திலுள்ள ஊருக்கு மாற்றல் வாங்கினார். அங்கேயும் தண்ணீர் வராதவர்கள் இருந்தார்கள்.

வக்கீல் பதினோரு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். அண்ணி அலுவலகத்தில் படிவத்தோடே புழங்கியவர். கேட்ட கேள்விக்கு உள்ளதை எழுதுவார். 'வேறு எவருடனும் கூட்டாக உள்ள வீடு' என்ற இடத்தில் 'ஒன்று, நாத்தனாருடன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் படிவத்தோடு கீழே வந்தார். வாசலிலேயே நின்று ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டார்.

"நாலு வருஷமா எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் சேர்ந்து வீடு வச்சிருக்கீங்க."

"சொன்னோம் அண்ணா. நீ டிவி பாத்துக்கிட்டிருந்தே."

"எங்க இருக்கு?"

"போன்ல."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆனது. பூனையை விரலால் தட்டினார். அது புரண்டது.

"வண்டி எங்க நிறுத்துவீங்க?"

"வண்டி இல்ல."

"இந்த நாற்காலி ஏன் சுவத்தப் பாத்துக்கிட்டிருக்கு?"

"அது வந்தவங்களுக்கு. பின்னாடி ரெண்டு கட்டம் இடம் விட்டிருக்கோம், பாரு."

அண்ணன் பார்த்தார். "அது நல்லது" என்றார்.

படிவத்தில் அந்த வரியை அடித்துவிடலாம் என்றால் அண்ணி சம்மதிக்கவில்லை. இருப்பதை இல்லை என்று எழுதினால் மீதிப் பத்துப் பக்கத்துக்கு என்ன மரியாதை என்று கேட்டார். அடித்தல் திருத்தல் இருந்தால் எல்லாப் பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டும் என்று வக்கீலும் கைவிரித்தார். திங்கட்கிழமைக்குள் அதற்கு எதிரே 'பிரிக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். ஆக, வீட்டைப் பிரித்தே ஆக வேண்டும். சனிக்கிழமை காலை பதினோரு மணி என்று குறித்தார்கள். அண்ணிக்கு அன்று பிற்பகல் ரயில்.

அண்ணி மாடிப்படியில் நின்று இன்னொன்றும் சொன்னார். "பிரிச்சதும் போன்லேருந்து அத எடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏன் அண்ணி?"

"எங்க அக்கா சொல்றா. புருஷனையே விட்டாச்சு, நாத்தனாரை மட்டும் எதுக்கு இழுத்துக்கிட்டுத் திரியறேன்னு கேக்கறா."

அரைமில்லி "சரி" என்றாள். நாலு வருஷமாகக் கம்பளம், விளக்கு என்று பேசிப் பழகிய வாய். 'போகாதீங்க' என்று சொல்ல அதில் ஒரு சாமான்கூட இல்லை. விளையாட்டு போய்விட்டால் அண்ணியோடு பேச இடம் இருக்காது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அந்த வாரம் நாலு லென்ஸ் தப்பாக வெட்டினாள். பதினாறு வருஷத்தில் மொத்தமாக அவ்வளவு தப்பியதில்லை.

முடிந்ததைச் சரியாகச் செய்வோம் என்று பாகப் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். கையில் கிடைத்த கடையின் வேலைச் சீட்டிலேயே எழுதினாள். அதில்தான் வலது கண், இடது கண் என்று இரண்டு பத்தி தயாராக இருந்தது. யார் பெட்டியில் எது வந்தது என்று நினைவிலிருந்து எழுதினாள். அண்ணிக்கு ஐந்து, தனக்கு ஏழு. எழுதி முடித்த நேரத்தில் மெஷின் கூப்பிட்டது. சீட்டு மற்ற சீட்டுகளோடு தட்டில் போய்விட்டது.

மதியம் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

"என்னம்மா இது? வலது கண்ணுக்கு பச்சை விளக்கு, சாய்வு நாற்காலி, பூனை முக்காலின்னு போட்டிருக்கு."

"அது எங்க அண்ணியோடது சார்."

"இடது கண்ணுக்கு மழைச் சன்னலா?"

"ஆமா சார், அது என்னோடது."

முதலாளி சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஃபிரேம் எதுன்னு எழுதலையே."

"ஃபிரேம் கிடையாது சார். நானும் எங்க அண்ணியும் வீடு பிரிக்கிறோம்."

"அடப் பாவமே. தகராறா?"

"தகராறு இல்ல."

"தகராறு இல்லாம எப்படிம்மா பிரிக்கிறது?" முதலாளிக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. "நாங்க அண்ணன் தம்பி பிரிச்சப்ப ஒரு வருஷம் மூஞ்சில முழிக்கல. அப்பதான் பிரிச்ச மாதிரியே இருந்துச்சு. லீவு வேணுமா?"

"சனிக்கிழமை ஒரு மணி நேரம் போதும் சார்."

சனிக்கிழமை வந்தது. அண்ணன் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். மாடியில் அண்ணி பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. சரியாகப் பதினொன்றுக்குச் சத்தம் நின்றது. போனில், வாசிப்பறையின் நடுவே, அண்ணியின் உருவம் வந்து நின்றது. அரைமில்லியின் உருவம் பக்கத்தில். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

'அழுத்தட்டுமா?' என்று அண்ணி எழுதினார்.

'அழுத்துங்க.'

கூட்டு வீட்டிலிருந்து ஒருவர் வெளியேறினால், அவரவர் பெட்டியில் வந்தது அவரவருக்குத் திரும்பும் என்பது விளையாட்டின் விதி. அண்ணி அழுத்தினார். பச்சை விளக்கு மறைந்தது. சாய்வு நாற்காலி மறைந்தது. புத்தக அடுக்கும் கம்பளமும் மறைந்தன. வெயில் போய், சன்னலில் மழை மறுபடி வழியத் தொடங்கியது. அண்ணியின் உருவமும் இல்லை.

முக்காலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பூனை தூங்கியது.

"முடிஞ்சுதா? எழுதட்டுமா?" அண்ணன் பேனா மூடியைக் கழற்றினார்.

"இரு அண்ணா. தப்பாயிருக்கு."

சீட்டைப் பார்த்தாள். வலதுபக்கம், ஐந்தாவது வரி: பூனை முக்காலி. போயிருக்க வேண்டியதுதான். பிறகுதான் வாளி ஞாபகம் வந்தது. திறந்தது அண்ணியின் விரல். திறந்த போன் இவளுடையது. விளையாட்டுக்கு விரல் தெரியாது.

பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. முக்காலி இவளுக்கு, விளையாட்டே அண்ணி போனில் இருக்காது, படிவம் முடிந்துவிடும். அவள் பேசாமல் ஐந்து விநாடி இருந்து பார்த்தாள். தலை வலித்தது.

எழுந்து வாசலுக்குப் போய் மாடியைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணி! இன்னும் எடுத்துடலையே?"

"எடுக்கத்தான் போறேன். ஏன்?"

"எடுக்காதீங்க! உங்க பூனை இங்கயே நின்னுருச்சு!"

அண்ணி போனோடு இறங்கி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் ஒரு படி மேலேயே நின்றுகொண்டார். அண்ணனின் வலது கால் தரையை அழுத்தியது.

"நீயே வெச்சுக்கோ" என்றார் அண்ணி.

"எப்படி அண்ணி? நீங்க திறந்தது. அனுப்பறேன்."

அனுப்பப் போனால் போகவில்லை. அரிய சாமானை யாருக்கும் நிரந்தரமாகத் தர முடியாது. சிலர் வெளியே விற்றுவிட்டதால் வந்த கட்டுப்பாடாம். இரவல் தரலாம். ஏழு நாள். ஏழு நாளுக்குள் தந்தவரும் வாங்கியவரும் ஒரே அறையில் வந்து நின்று புதுப்பிக்க வேண்டும்; இல்லாவிட்டால் சாமான் தானாகத் திரும்பிவிடும். அரைமில்லி அதை வாய்விட்டு, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள்.

அண்ணி விரல்விட்டு நாள் எண்ணினார்.

"அப்ப வாரா வாரம் நான் வரணும்" என்றார் அண்ணி.

"நானும் வரணும்."

"அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"பூனை உங்களோடதுன்னு சொல்லுங்க. என் போன்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க. நடந்தது அதானே."

அண்ணி போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புகார் எடுக்கும்போது, எதிர்முனை சொல்வது முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்கும் முகம் அது. எதிர்முனையில் இன்னும் ஏதோ இருந்தது. அரைமில்லி போனில் மழைச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே என்னை அண்ணின்னுதான் கூப்பிடணும்னு இல்ல" என்றார் அண்ணி.

"வேற எப்படிக் கூப்பிடறது?"

"பேர் சொல்லி."

"பழக்கமில்ல அண்ணி."

"ம்" என்றார் அண்ணி. கொஞ்சம் கழித்து, "எத்தனை மணிக்கு?" என்றார். குரல் அலுவலகக் குரல்.

"உங்களுக்கு எப்ப தோதுப்படும்?"

"சனிக்கிழமை பதினொண்ணு."

"சரி."

"பதிவு பண்ணிக்கோ."

அண்ணன் பேனாவை இன்னும் பிடித்தபடியே இருந்தார். "ஏழு நாள் கழிச்சு முடிஞ்சிரும்ல?"

"மறுபடி ஏழு நாள்" என்றாள் தங்கை.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் ஏழு நாள்தான் அண்ணா."

"அப்ப நான் இங்க என்ன எழுதறது?"

"'பிரிக்கப்பட்டது'ன்னு எழுதுங்க" என்றார் அண்ணி, படியிலிருந்தே. "பிரிச்சாச்சே. ஏழு அவளுக்கு, அஞ்சு எனக்கு. இரவல் பத்தி படிவத்துல கேள்வி இல்ல."

அண்ணன் எழுதினார். எழுதியதை ஊதிக் காயவைத்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "அந்த நாற்காலி?"

"அது வீட்டோட வந்தது அண்ணா. எங்கயும் போகாது."

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று படிவத்தை மடித்தார்.

பிற்பகல் அண்ணன்தான் ரயில் நிலையத்துக்குக் காரை ஓட்டினார். பின்சீட்டில் இருந்த அரைமில்லி, வழி முழுக்க யாரும் பேசாததைக் கவனித்தாள். பழைய பத்தொன்பது வருஷத்துக்கும் இதற்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பத்து ஐம்பத்தெட்டுக்கே போனைத் திறந்து வைத்துக்கொண்டாள். கடையில் முதலாளி பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டு விஷயம் என்று புரிந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார். பதினொன்று ஆனது. பதினொன்று நாலு ஆனது. பூனை இரவலாகத்தான் போயிருக்கிறது, வராவிட்டால் இன்றைக்குத் திரும்பிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பி வருவதை நினைத்து அவ்வளவு பயந்த சாமான் அவள் வாழ்க்கையில் வேறு இல்லை.

பதினொன்று ஆறுக்கு விளையாட்டில் அழைப்பு வந்தது. அண்ணியின் புது வீட்டுக் கதவு திறந்திருந்தது.

ஒற்றை அறை. பச்சை விளக்கும் சாய்வு நாற்காலியும் சுவரோடு ஒட்டி இருந்தன. நாலு பக்கமும் இடம் கிடந்தும், கதவுக்கு நேராக, வழியை அடைத்துக்கொண்டு முக்காலி இருந்தது. அதன்மேல் பூனை.

அரைமில்லி எழுதினாள்: 'வழியிலயே முக்காலியப் போட்டிருக்கீங்களே, உள்ள வர்றவங்க மேல ஏறியா குதிப்பாங்க?'

பதில் வந்தது.

'நீ மட்டும்தானே வரப்போறே. ஏறிக் குதி.'

அந்த விளையாட்டில் குதிக்கிற வசதி கிடையாது. சாமானுக்குள் புகுந்து நடந்து போய்விடலாம். போனாள். பூனை புரண்டு படுத்தது.